கைபேசியில் ஜிபிஎஸ் தடுமாறுவது ஏன்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

வரைபடத்தில் நம் இருப்பிடத்தைக் காட்டும் நீலப்புள்ளியை நம்ப முடியவில்லை என்ற புகார் பலவிதமான கேள்விகளாக வந்திருப்பதால், அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ‘ஜிபிஎஸ் கெட்டுவிட்டது’ என்று எழுதியிருக்கும் வாசகர்களில் பலருக்கு உண்மையில் ஜிபிஎஸ் கெடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்தப் புள்ளி, செயற்கைக்கோள்கள், அருகிலுள்ள வைஃபை ரவுட்டர்கள், செல்போன் கோபுரங்கள், கைபேசிக்குள் இருக்கும் உணரிகள் ஆகிய அனைத்தும் தரும் தகவலைக் கலந்து இயங்குதளம் போடும் கணக்கு. அவற்றில் எது தவறியது என்று பார்க்காமல் அமைப்புகளைக் கண்டபடி மாற்றிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

கேள்வி: பொருள்களை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது என் வேலை. திறந்த சாலையில் சரியாக இருக்கும் புள்ளி, உயரமான கட்டடங்கள் நெருங்கி நிற்கும் பகுதிக்குள் நுழைந்ததும் பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடுகிறது. கைபேசியை மாற்றிவிடலாமா?

பதில்: திறந்த சாலையில் சரியாக இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், கைபேசியில் பழுதில்லை என்பதற்கு அதுவே போதுமான சான்று. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி தம் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாமல் ஒலிபரப்புகின்றன. அந்தச் சிக்னல் தன்னை வந்தடைய எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து, ஒவ்வொரு செயற்கைக்கோளும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கைபேசி கணக்கிடுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றோடு, கைபேசியின் சாதாரணக் கடிகாரத்தில் இருக்கும் பிழையையும் கண்டுபிடித்தாக வேண்டியிருப்பதால், குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன. சிக்னல் ஒளியின் வேகத்தில் வருவதால் நேர அளவீட்டில் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால்கூடத் தொலைவு 300 மீட்டர் பிசகிவிடும்.

கட்டடங்களுக்கு நடுவே நிற்கும்போது, செயற்கைக்கோளிலிருந்து நேராக வரவேண்டிய சிக்னலைச் சுவர் மறைத்துவிட, எதிரிலுள்ள கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பிய சிக்னல் மட்டுமே கைபேசிக்குக் கிடைக்கலாம். அது சுற்றிக்கொண்டு வந்த சிக்னல் என்பது கைபேசிக்குத் தெரியாது. வழியில் கூடிய தொலைவையும் சேர்த்தே கணக்கில் போட்டுக்கொள்கிறது. இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. இருபுறமும் சுவர் எழுந்த தெருவில் வானம் ஒரு நீண்ட பட்டையாகத்தான் தெரியும். அந்தப் பட்டைக்குள் அகப்படும் செயற்கைக்கோள்கள் உங்களுக்கு முன்னும் பின்னும் இருக்குமே தவிர, பக்கவாட்டில் அநேகமாக ஒன்றும் இராது. ஆகவே தெருவின் நீளவாக்கில் கணக்கு ஓரளவு சரியாக வந்தாலும் குறுக்குவாட்டில் தடுமாறும். புள்ளி முன்னே பின்னே போகாமல் பக்கத்துத் தெருவுக்குத் தாவுவதன் காரணம் இதுதான்.

இதற்கு முழுமையான தீர்வு கிடையாது; குறைத்துக்கொள்ள வழி உண்டு. கைபேசியைச் சட்டைப்பையிலோ பெட்டிக்குள்ளோ வைக்காமல், வானம் தெரியும்படி வண்டியின் கைப்பிடியில் பொருத்துங்கள். உலோகத் தகடு உள்ள உறை இருந்தால் கழற்றிவிடுங்கள். இருப்பிட அமைப்புகளில் ‘இருப்பிடத் துல்லியம்’ என்ற வசதியை அணைத்து வைத்திருந்தால் இயக்கிவிடுங்கள். கட்டடங்கள் நெருங்கிய பகுதியில் வைஃபை ரவுட்டர்களும் நெருக்கமாக இருக்கும் என்பதால், செயற்கைக்கோள் கைவிடும் இடத்தில் அவை கைகொடுக்கும். நீலப்புள்ளியைச் சுற்றியுள்ள வெளிர்நீல வட்டத்தையும் கவனியுங்கள். ‘இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறீர்கள்’ என்பதுதான் கைபேசி உங்களிடம் சொல்லும் செய்தி. நடுவிலுள்ள புள்ளி அதன் ஊகம் மட்டுமே. வட்டம் விரிந்திருக்கும் நேரத்தில் ‘திரும்பிச் செல்லவும்’ என்ற குரலைக் கேட்டு வண்டியைத் திருப்பாமல், தெருப்பலகையைப் பார்ப்பதே நல்லது.

பின்னாளில் புதிய கைபேசி வாங்க நேர்ந்தால், இரட்டை அலைவரிசை வசதி, அதாவது இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்கும் திறன், உள்ளதா என்று பாருங்கள். பழைய கைபேசிகள் எல்1 எனப்படும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை மட்டுமே வாங்குகின்றன. எல்5 எனப்படும் 1176.45 மெகாஹெர்ட்ஸ் சிக்னலின் குறியீடு அதைவிடப் பத்து மடங்கு வேகமானது என்பதால், நேராக வந்ததையும் பட்டுத் திரும்பியதையும் பிரித்தறிவது எளிதாகிறது. 2018-இல் வெளிவந்த சியோமி எம்ஐ 8-தான் இந்த வசதியுடன் வந்த முதல் கைபேசி. இப்போது பல மாடல்களில் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை.

கேள்வி: வீடு மாறி வந்த பிறகும் வீட்டுக்குள் இருக்கும்போது வரைபடம் பழைய வீட்டையே காட்டுகிறது. வெளியே சிறிது தூரம் நடந்தால் சரியாகிவிடுகிறது. திரும்பி வந்தால் மறுபடியும் பழைய வீடு. இது என்ன மாயம்?

பதில்: உங்கள் வைஃபை ரவுட்டரையும் கூடவே எடுத்து வந்திருப்பீர்கள். கூரைக்கு அடியில் செயற்கைக்கோள் சிக்னல் மிகவும் நலிந்துவிடுவதால், கைபேசி சுற்றியுள்ள ரவுட்டர்களின் அடையாள எண்களைச் சேவை நிறுவனத்தின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு இருப்பிடத்தை ஊகிக்கிறது. அந்தத் தரவுத்தளத்தில் உங்கள் ரவுட்டர் இன்னும் பழைய முகவரியிலேயே குடியிருக்கிறது.

இதை உறுதிசெய்துகொள்ள, கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, ஆண்ட்ராய்டு என்றால் இருப்பிட அமைப்புகளில் உள்ள ‘வைஃபை ஸ்கேனிங்’ என்பதையும் அணைத்துவிட்டு, மாடியிலோ முற்றத்திலோ ஓரிரு நிமிடம் நில்லுங்கள். வைஃபையை அணைத்தாலும் ஸ்கேனிங் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. புள்ளி புதிய வீட்டுக்கு வந்துவிட்டால் குற்றவாளி ரவுட்டர்தான். ஜிபிஎஸ் இயங்கும் கைபேசிகள் அந்த ரவுட்டரைப் புதிய இடத்தில் மீண்டும் மீண்டும் காணும்போது தரவுத்தளம் தானாகத் திருந்தும். அது உடனடியாக நடக்காது. வீட்டு வாசலில் திறந்த வானத்தின் கீழ், வைஃபையும் இருப்பிடத் துல்லியமும் இயங்கும் நிலையில் வரைபடத்தை அடிக்கடி திறந்து வைப்பது அதற்குத் துணைசெய்யும். கைபேசியை ரீசெட் செய்வதால் இதில் ஒரு மாற்றமும் வராது, ஏனென்றால் பிழை கைபேசியில் இல்லை.

கேள்வி: இடம் சரியாகக் காட்டுகிறது. ஆனால் அம்புக்குறி நான் பார்க்கும் திசைக்கு நேர் எதிராக நிற்கிறது. சில நேரம் சுழல்கிறது.

பதில்: இது திசைகாட்டியின் கோளாறு; ஜிபிஎஸ்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நகரும்போது அடுத்தடுத்த இருப்பிடங்களை வைத்தே திசையைக் கணிக்க முடியும். நிற்கும்போது கைபேசி தன் காந்த உணரியை நம்பியாக வேண்டும். காந்தப் பூட்டு வைத்த உறை, காரில் கைபேசியை ஒட்டவைக்கும் காந்தத் தாங்கி, அருகிலுள்ள ஒலிபெருக்கி ஆகியவை அந்த உணரியைக் குழப்பிவிடுகின்றன. அவற்றை அகற்றிவிட்டு, கைபேசியைக் கையில் பிடித்து காற்றில் எட்டு வடிவத்தில் சில முறை சுழற்றுங்கள். அவசரத்துக்கு, ஒரே நேர்கோட்டில் இருபது அடி நடந்தாலும் அம்புக்குறி திருந்திவிடும்.

கேள்வி: மொபைல் டேட்டா இல்லாத மலைப்பகுதியில் இருப்பிடம் கிடைக்க நெடுநேரம் ஆயிற்று. ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை என்கிறார்களே?

பதில்: தேவையில்லை என்பது உண்மை. சிம் கார்டு இல்லாத கைபேசியிலும் அது வேலை செய்யும். ஆனால் இணையம் இருந்தால் விரைவாக வேலை செய்யும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதையைப் பற்றிய விவரத்தை வினாடிக்கு 50 பிட் என்ற, இன்றைய கணக்கில் நம்பவே முடியாத மெதுவான வேகத்தில் அனுப்புகிறது. அந்த விவரம் 30 வினாடிக்கு ஒருமுறை மீண்டும் வரும். எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய தோராயமான அட்டவணை முழுவதும் வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். பாதை விவரம் சுமார் நான்கு மணி நேரத்துக்குத்தான் செல்லும். இணையம் இருக்கையில் இவற்றை ஏ-ஜிபிஎஸ் என்ற முறையில் கைபேசி சர்வரிலிருந்து நொடியில் எடுத்துக்கொள்கிறது; இல்லாதபோது வானத்திலிருந்து ஒவ்வொரு பிட்டாக வாங்க வேண்டியிருக்கிறது. நடுவில் மரக்கிளையோ பாறையோ சிக்னலை மறைத்தால் விட்ட பகுதி அடுத்த சுற்றில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

எனவே இணையம் இல்லாத இடத்துக்குப் போகுமுன், சிக்னல் இருக்கும் இடத்திலேயே வரைபடச் செயலியைத் திறந்து இருப்பிடம் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். அந்தப் பகுதியின் வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இருப்பிடம் தெரிந்தும் வெறும் சாம்பல்நிறக் கட்டங்கள் மட்டும் தெரிந்தால், வரைபடம் இல்லை என்று பொருள். அதையும் சிலர் ஜிபிஎஸ்ஸின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அங்கே போன பிறகு சிக்னல் பிடிக்காவிட்டால், நடந்துகொண்டே பார்க்காமல், திறந்த இடத்தில் அசையாமல் சில நிமிடங்கள் நிற்பதே உரிய வழி. தேதியும் நேரமும் தானாக அமையும்படி வைத்திருப்பதும் நல்லது.

கேள்வி: காலை ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலி, ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுகிறது. வளைந்து ஓடிய பாதையை நேர்கோடாக வரைந்திருக்கிறது.

பதில்: பதிவான கோட்டின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். கோணல்மாணலாக இருந்தால் சிக்னல் மோசம். உங்களுடையதைப் போல இரு இடங்களை ஸ்கேல் வைத்து இணைத்தது போலிருந்தால், நடுவில் செயலி உறங்கிவிட்டது. திரை அணைந்ததும் பின்னணியில் ஓடும் செயலிகளை மின்சிக்கனத்துக்காக இயங்குதளம் நிறுத்திவிடுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். பேட்டரி சேமிப்பை அணைத்துவிட்டு, அந்தச் செயலியின் பேட்டரிப் பயன்பாட்டைக் ‘கட்டுப்பாடற்றது’ என்று மாற்றுங்கள். சில நிறுவனங்களின் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இதற்கு மேலும் ஒரு பூட்டு, ‘தானாகத் தொடங்குதல்’ என்பது போன்ற பெயரில் வேறிடத்தில் ஒளிந்திருக்கும். பயனரைக் கேட்காமல் செயலிகளைக் கொல்லும் இந்தப் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஓடத் தொடங்குமுன், செயலி இருப்பிடத்தைப் பிடித்துவிட்டதா என்று பார்த்துவிட்டு ஓடுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு செயலியில் மட்டும் என் இருப்பிடம் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக் காட்டுகிறது.

பதில்: அந்தச் செயலிக்குத் தோராயமான இருப்பிடத்துக்கு மட்டுமே அனுமதி தந்திருக்கிறீர்கள். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 ஆகிய பதிப்புகளிலிருந்து இந்தத் தெரிவு இருக்கிறது. செயலியின் அனுமதிகளுக்குள் சென்று ‘துல்லியமான இருப்பிடம்’ என்பதை இயக்குங்கள்.

கேள்வி: ஜிபிஎஸ் சிக்னலைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் செயலிகள் பயன்தருமா?

பதில்: சிக்னலைக் கூட்ட எந்தச் செயலியாலும் முடியாது. பழைய உதவித் தரவை, அதாவது மேலே சொன்ன ஏ-ஜிபிஎஸ் விவரங்களை, அழித்துப் புதிதாக இறக்கித் தருவதுதான் அவற்றில் நல்லவை செய்யும் வேலை. மற்றவை விளம்பரம் காட்டும்.

கேள்வி: உடைந்த திரையை மாற்றிய பிறகு ஜிபிஎஸ் அறவே பிடிப்பதில்லை. பழுதுபார்த்தவர் மென்பொருள் கோளாறு என்று சொல்லி, எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: இப்போது செய்யாதீர்கள். முதலில் செயற்கைக்கோள்களைப் பட்டியலிடும் ஒரு சோதனைச் செயலியை நிறுவுங்கள். ‘ஜிபிஎஸ்டெஸ்ட்’ போன்ற இலவசச் செயலிகள் ஆண்ட்ராய்டில் உள்ளன. அதைத் திறந்த வெளியில் இயக்கினால் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு வரி வரும். எந்த நாட்டுத் தொகுப்பைச் சேர்ந்தது என்பதற்குக் கொடியும், அருகில் சிக்னலின் வலிமை டெசிபல்-ஹெர்ட்ஸ் அளவில் ஓர் எண்ணாகவும் தெரியும். அமெரிக்காவின் ஜிபிஎஸ் மட்டுமல்லாமல் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் வரிசையில் நிற்கும். நல்ல நிலையில் உள்ள கைபேசி, மறைப்பில்லாத வானத்தின் கீழ் பல செயற்கைக்கோள்களை 30-க்கு மேல், சிலவற்றை 40-ஐ ஒட்டிக் காட்டும். உங்கள் கைபேசியில் பட்டியல் நீளமாக இருந்தும் எண்கள் எல்லாம் 20-ஐத் தாண்டாமல் கிடந்தாலோ, வரிகளே வராவிட்டாலோ, ஆன்டெனா வரை சிக்னல் வந்தும் உள்ளே போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். அதே இடத்தில், அதே நேரத்தில் இன்னொரு கைபேசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது நன்றாக வாங்கினால் வானத்தின் மேல் பழி போட இடமில்லை.

திரை மாற்றும்போது கைபேசியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆன்டெனாவைச் சர்க்யூட் பலகையோடு இணைப்பவை சிறிய வில் போன்ற உலோகத் தொடுமுனைகளும் மெல்லிய கேபிள்களும்தான். ஒரு தொடுமுனை வளைந்துவிட்டாலோ, ஒரு திருகைத் திரும்பப் போடாமல் விட்டாலோ, கேபிள் சரியாக அழுந்தாமல் போனாலோ சிக்னல் அங்கேயே நின்றுவிடும். சில மாடல்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் அதே ஆன்டெனாவைப் பகிர்ந்துகொள்வதால், திரை மாற்றிய நாள் முதல் வைஃபையும் நலிந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இரண்டு கைபேசிகளின் திரைப்பிடிப்பையும் எடுத்துக்கொண்டு அதே பழுதுபார்ப்பவரிடம் சென்று, ஆன்டெனா இணைப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எண்கள் நன்றாக இருந்தும் வரைபடத்தில் இருப்பிடம் வராவிட்டால் மட்டுமே மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் இருப்பிட அனுமதிகளைச் சரிபார்ப்பது, மறுதொடக்கம் செய்வது, உதவித் தரவைப் புதுப்பிப்பது ஆகியவற்றுக்குப் பிறகே ரீசெட்டை நினைக்கலாம். அதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.