செகண்ட் லைஃப் படங்களும் ஏஐயும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்துக்குள் சில வருடங்களாகப் படம் எடுத்துவருகிறேன். சமீபத்தில் ஒரு படத்தை ஏஐயில் மெருகேற்றி ஒரு குழுவில் போட்டேன். ‘இது புகைப்படமே இல்லை’ என்று நீக்கிவிட்டார்கள். அதே குழுவில் ஃபோட்டோஷாப்பில் மணிக்கணக்காக உட்கார்ந்து தலைமுடி வரைகிறவர்களைக் கொண்டாடுகிறார்கள். கலைச் சுதந்திரம் அவர்களுக்கு மட்டும்தானா? மூலப் படம், மெருகேற்றிய படம் இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

வி.

அன்புள்ள வி.,

சுதந்திரம் உங்களுக்கும் உண்டு. எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் உரிமை குழுவுக்கும் உண்டு. அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் எனக்கு ஒப்பில்லை.

2023இல் போரிஸ் எல்டாக்சன், ஏஐயில் உருவாக்கிய படத்தை சோனி உலகப் புகைப்பட விருதுக்கு அனுப்பி, பரிசு கிடைத்ததும் மறுத்தார். அங்கே ‘இது புகைப்படமா?’ என்ற கேள்விக்குப் பொருள் இருந்தது. செகண்ட் லைஃபில் லென்ஸே கிடையாது. சூரியனை எங்கே நிறுத்துவது, மூடுபனி எவ்வளவு, தண்ணீர் என்ன நிறம் எல்லாவற்றையும் நாமே நகர்த்தி வைக்கிறோம். இதில் அசல் வெளிச்சம் என்று எதைக் காப்பாற்றுவது?

காப்பாற்ற வேறொன்று இருக்கிறது. லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் திறந்துவிட்ட அந்த உலகில் தலைமுடி, செருப்பு, நாற்காலி, மரத்தின் இலை வரை பெரும்பாலானவை அங்கே புழங்குகிறவர்களே செய்து அந்த உலகின் பணமான லிண்டன் டாலருக்கு விற்பவை. ஒரு சட்டையின் லேஸ் ஓரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் அதை புள்ளி புள்ளியாக வரைந்து, அவதார், அதாவது அங்கே உலவும் நம் உருவம், குனிந்தால் உடம்பு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வராதபடி பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பொருத்தியிருப்பார். ‘மெருகேற்று’ என்று ஏஐயிடம் மொத்தப் படத்தையும் கொடுத்தால் அந்த லேஸை அது துலக்குவதில்லை. லேஸ் மாதிரி தெரிகிற இன்னொன்றை வரைந்து வைக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள். ஐந்து இதழ்ப் பூ ஆறு இதழாகியிருக்கும், மோதிரம் விரலோடு ஒட்டியிருக்கும், பச்சை குத்திய எழுத்து எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாகியிருக்கும்.

ஃபோட்டோஷாப்காரர் தோளருகே உடைந்து தெரிகிற முடியை இழை இழையாக வரைகிறார், லேஸைத் தொடுவதில்லை. என் கணக்கில் வித்தியாசம் இதுதான். அவர் மணிக்கணக்காக உழைத்தார், நீங்கள் நொடியில் முடித்தீர்கள் என்பதெல்லாம் ஒரு வாதமே அல்ல. கஷ்டப்பட்டு எடுத்த மோசமான படங்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. ஏஐயிலும் மாஸ்க் போட்டு, அதாவது மற்ற இடங்களைத் தொடாதபடி மறைத்து, அந்தத் தோள்பட்டையை மட்டும் சரிசெய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மொத்தமாக மாற்றி வரையவும் உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல படமாகவும் அமையலாம். அப்போது கீழே வழக்கம்போல ‘சட்டை இந்தக் கடை, முடி அந்தக் கடை’ என்று பட்டியல் போடாதீர்கள். கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த உடையைப் போட்டுக்காட்டும் பதிவர் என்றால் இது இன்னும் முக்கியம். படத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு அந்த மடிப்பு, அந்தப் பளபளப்பு எதுவும் கிடைக்காது. திட்டு வாங்குவது உடையைச் செய்தவர்.

இன்னொன்று, இது என் சொந்த எரிச்சல். ஏஐக்கு எல்லா முகமும் ஒரே முகம்தான். நரித்தலை அவதாருக்குக்கூட மனித மூக்கு வைத்துவிடுகிறது. விரும்பிய உருவத்தில் உலவலாம் என்றுதானே அங்கே போகிறோம்?

சரி, உங்கள் படங்களுக்கு வருகிறேன். எனக்கு மூலப் படம்தான் பிடித்திருக்கிறது. கன்னத்தின் குறுக்கே விழுந்த ஜன்னல் கம்பி நிழலை ஏஐ அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. மூலத்தில் இடது கைவிரல்கள் மட்டும் நாற்காலிக்குள் புதைந்திருக்கின்றன. அதைச் சரிசெய்து மறுபடி குழுவில் போடுங்கள். எதைக் கொண்டு சரிசெய்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

அன்புடன்.