வெள்ளைப்படுதல், வாடை, அரிப்பு: மகப்பேறு மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: தினமும் இன்டிமேட் வாஷ் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை டாக்டர். எந்த பிராண்ட் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம்மா. யோனிக்குள் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா இருக்கிறது. 1892-லேயே ஜெர்மன் மருத்துவர் டோடர்லைன் இதைப் பற்றி எழுதிவிட்டார். அது சுரக்கும் லாக்டிக் அமிலம் பிஹெச் அளவை (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5-க்குக் கீழே வைத்திருக்கும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பெருகுவது கஷ்டம். உள்ளே விட்டுக் கழுவினால் நல்லதும் சேர்ந்து போய்விடும். வெளிப்பக்கம் வெறும் தண்ணீரில் கழுவுங்கள், போதும். வாடை போகாவிட்டால் பரிசோதனைக்கு வாருங்கள்.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் பூஞ்சை மாத்திரை வாங்கிப் போட்டேன். கேட்கவே இல்லை.

பதில்: பூஞ்சையே இல்லாமல் இருக்கலாம். கடுமையான அரிப்பும் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையும் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் நிறத்தில் தண்ணீராக, மீன் வாடையோடு வந்தால், அதுவும் உறவுக்குப் பிறகு வாடை கூடினால், பாக்டீரியல் வஜைனோசிஸ், அதாவது நல்ல பாக்டீரியா குறைந்து மற்ற பாக்டீரியா பெருகும் நிலை, ஆக இருக்க வாய்ப்பு அதிகம். விந்து காரத்தன்மை உள்ளது, அதனால்தான் அப்போது வாடை தூக்கலாக இருக்கிறது. இதைப் பூஞ்சை மாத்திரை தொடவே தொடாது. பிஹெச் தாளும் மைக்ரோஸ்கோப்பும் இருந்தால் அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். பார்க்காமலே மாத்திரை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: பாக்டீரியல் வஜைனோசிஸுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரை ஏழு நாள் முடித்தேன். மூன்றே மாதத்தில் திரும்பவும் வந்துவிட்டது. நான் சுத்தமாக இல்லையா?

பதில்: சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாதிப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. வீட்டுக்காரரையும் கணக்கில் சேருங்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், துணைவருக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும் ஆணுறுப்பில் தடவ கிளிண்டாமைசின் கிரீமும் கொடுத்தார்கள். 12 வாரத்தில் திரும்ப வந்தது 35 சதவீதம் பேருக்கு. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த பிரிவில் 63 சதவீதம். அதனால் அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். “எனக்கு ஒன்றும் இல்லையே” என்பார். ஆணுக்குப் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது என்று சொல்லுங்கள்.

கேள்வி: உள்ளே தயிர் தடவலாமா?

பதில்: வேண்டாம். தயிரில் இருக்கும் பாக்டீரியா வகை வேறு, யோனியில் இருக்கும் கிரிஸ்பேட்டஸ் என்ற லாக்டோபேசில்லஸ் வகை வேறு. தயிரைச் சாதத்தில் போட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: ஐந்து மாத கர்ப்பம். பாக்டீரியல் வஜைனோசிஸ் இருந்தால் குழந்தையைப் பாதிக்குமா?

பதில்: குறைமாதப் பிரசவத்தோடு தொடர்பு இருக்கிறது. வாடை, வெள்ளை இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், கர்ப்பத்திலும் மருந்து உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. எரிச்சல், வறட்சி.

பதில்: மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து லாக்டோபேசில்லஸும் குறையும். உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாகக் கேட்கும். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மட்டும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரத்தப்போக்கு இருந்தால் கிரீமுக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.