ஸான்ஸ்காரி மட்டக்குதிரையைக் கடலூரில் வளர்க்கலாமா?

கடலூர்ப் பக்கத் தோட்டத்தில் லடாக்கின் ஸான்ஸ்காரி மட்டக்குதிரை வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன்.

நம் ஐயனார் கோயில் மண்குதிரையை மனதில் வைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். ஸான்ஸ்காரியின் உயரம் சுமார் 120 முதல் 140 செ.மீ., உங்கள் மார்பளவுதான். பெரும்பாலும் சாம்பல் நிறம். கட்டான உடம்பு, அடர்ந்த ரோமம், நீளமான வால். 3,500 மீட்டர் உயரத்தில், மூச்சு முட்டும் காற்றில், மூட்டை சுமந்தபடி சரளைப் பாதையில் இடறாமல் ஏறும். காய்ந்த புல்லைத் தின்றே பனிக்காலத்தைத் தள்ளிவிடும்.

அந்த ரோமம்தான் இங்கே வில்லங்கம். குதிரை வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எங்கே காய்கிறது? கத்திரி வெயிலில் படுத்துவிடும். சவாரிதான் ஆசை என்றால், சூடு பழகிய, குஜராத்தின் கத்தியவாரி குதிரை இனத்தைப் பாருங்கள். அதன் காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும், அழகு!