எழுத்துக்கூட்டி வாசிக்கும் தரம் 3 பிள்ளை

தரம் 3 படிக்கிற மகள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறா, பெரிய கதைப்புத்தகம் குடுக்கலாமோ எண்டு கேட்டால்: இப்ப வேண்டாம். வசனம் முடியேக்கை மகள் தொடக்கத்தை மறந்துபோறா எண்டால் தரம் 1 புத்தகத்துக்கு இறங்குங்கோ.

அநேகமாக எழுத்தை அடையாளம் காணுற வேகம் போதாது. 'கொக்கு' எண்டதில கொம்பு (ெ) முதல் கண்ணில படும்; அதின்ர சத்தம் ககரத்துக்குப் பிறகுதான் வரும், அரவையும் (ா) சேர்த்துப் பார்க்கவேணும். ரெண்டு பக்கமும் குறி வாற கொ, கோ, கௌ மூண்டிலயும் பிள்ளையள் தடக்குப்படுறது இதாலதான். கவனம் முழுக்க அதில போனால் பொருளுக்கு ஒண்டும் மிஞ்சாது.

முதல் ஒரு சோதனை. அவ தடக்குப்பட்ட பந்தியை நீங்கள் வாசிச்சுக்காட்டி, என்ன நடந்தது எண்டு கேளுங்கோ. சொன்னால் தடங்கல் எழுத்தில. சொல்லாட்டி, தடங்கல் தெரியாத சொல்லுகளில: வீட்டில 'வந்தவை' எண்டு கேட்ட பிள்ளைக்கு 'வந்தனர்' புதுச் சொல்.

தடங்கல் எழுத்திலயெண்டால்:
1. 50 சொல் பந்தி. கிளிநொச்சிப் பிள்ளையெண்டால் இரணைமடுக் குளக்கட்டு, வாய்க்கால், கொக்கு எண்டு அவ காணுறதை வைச்சு நீங்களே கொப்பியில எழுதலாம்.
2. நீங்கள் ஒருக்கா, அவ மூண்டுதரம். நாளுக்கு 10 நிமிசம், அதே பந்தி 3 நாள்.
3. 5 சொல்லுக்கு மேல பிழைச்சால் பந்தி கடினம், மாத்துங்கோ.

இரவில நீங்கள் அவவுக்குக் கதை வாசிக்கிறதை மட்டும் தயவுசெய்து நிப்பாட்டாதேங்கோ. வாசிப்பில ஆசை அங்கதான் வளரும்.

புத்தகத்தை முகத்தோட ஒட்டிப் பிடிக்கிறாவெண்டால் இதெல்லாத்துக்கும் முதல் கண்ணைக் காட்டுங்கோ.