நகை வேண்டாம் என்கிற அக்கா மகளுக்கு என்ன தருவது?

கேள்வி: அக்கா மகளுக்கு வயது 22. பெங்களூருவில் முதல் வேலைக்குச் சேரப்போகிறாள். தாய்மாமன் முறைக்கு 30,000 ரூபாயில் தங்கக் காசு வாங்கலாம் என்றால், “லாக்கர்ல தூங்கறதுக்கு எதுக்கு மாமா?” என்கிறாள். அவள் பெயரில் நானே மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. (தவணை முறை முதலீடு) போட்டுவிடலாமா? வரி வருமா?

பதில்: அவள் பேச்சில் கணக்கும் இருக்கிறது. காசுக்குச் செய்கூலி 4% என்று வையுங்கள். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 3%. நீங்கள் தரும் 30,000 ரூபாயில் தங்கமாக நிற்பது சுமார் 28,000தான். வங்கியில் வாங்கினால் இன்னொரு சங்கடம்: விற்ற காசை வங்கி திரும்ப வாங்காது.

எஸ்.ஐ.பி.யை உங்கள் கணக்கிலிருந்து போட முடியாது. மூன்றாம் நபர் பணம் என்று ஃபண்ட் நிறுவனம் நிராகரித்துவிடும். அவளுடைய சேமிப்புக் கணக்குக்கு அனுப்புங்கள், முதலீட்டை அவளே செய்யட்டும். வரி கிடையாது, பெற்றோரின் உடன்பிறந்தவர் தருவதற்கு உச்சவரம்பே இல்லை. 50,000 ரூபாய் வரம்பெல்லாம் நண்பர்கள் போன்ற மற்றவர்களுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், நாளை அவள் உங்களுக்குத் தந்தால் நீங்கள் அந்த ‘மற்றவர்’ கணக்கில் வருவீர்கள். வருமான வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் உடன்பிறந்தவரின் மகள் இல்லை.

முதல் சம்பளம் வருவதற்குள் பி.ஜி. அட்வான்ஸ், சாப்பாடு, பஸ் என்று செலவு வந்து நிற்கும். அதனால் 20,000 ரூபாயை லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) வைக்கச் சொல்வேன், பங்கு ஃபண்டில் அல்ல. உடனடியாகப் பணம் எடுக்கும் வசதி உள்ள ஃபண்டாகப் பார்க்கட்டும்: ஒரு நாளில் 50,000 ரூபாய் அல்லது இருப்பில் 90%, எது குறைவோ அது. இங்கே 18,000 வரை. முதல் 7 நாளுக்குள் எடுத்தால் சிறிய வெளியேறும் கட்டணம் உண்டு.

பெரும்பாலும் சிக்குவது கே.ஒய்.சி. என்கிற அடையாளச் சரிபார்ப்பில், அதுவும் இனிஷியலால். ஆதாரில் ‘எஸ். கவிதா’, பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து ‘கவிதா சுந்தரம்’ என்றிருக்கும். பெயர் ஒத்துப்போகாமல் விண்ணப்பம் நின்றுவிடும். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே இரண்டையும், வங்கிக் கணக்கிலுள்ள பெயரையும் ஒன்றாக்கிவிடுங்கள். நாமினியையும் அப்போதே சேர்த்துவிடலாம்.

மீதி 10,000 அவள் ரசனைக்கு. கோ-ஆப்டெக்ஸில் ஒரு நல்ல கைத்தறிப் புடவையோ, மலையேற்ற ஷூவோ, அவளையே கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள். வங்கி கிஃப்ட் கார்டு என்றால் 10,000 ரூபாய்தான் உச்சம். அதைப் பணமாக எடுக்க முடியாது, காலாவதித் தேதியும் உண்டு. தட்டில் வைக்க எதுவும் இல்லையே என்று அக்கா முகம் சுளித்தால், வெற்றிலை பாக்கோடு 101 ரூபாய் கவர் வைத்துவிடுங்கள்.

“என் பெயரில் நன்கொடை கொடுங்க மாமா” என்று அவள் கேட்டாலும் கொடுக்கலாம். வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது மட்டும் பணம் கட்டிய உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணோடு இருக்கட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் எப்படிக் கொடுத்தாலும் கழிவு இல்லை.