யாழ்ப்பாணமா, ஜயவர்த்தனபுரவா? முகாமைத்துவம் படிக்கக் காத்திருக்கும் பிள்ளைகளின் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: யாழ்ப்பாணம், ஜயவர்த்தனபுர என்ற இரண்டு பல்கலைக்கழகத்தில் எதை முன்னுக்குப் போடுவது? வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பித்தவன், அவர்களோடு பக்கத்தில் இருந்து விண்ணப்பம் நிரப்பியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மூன்று பாடமும் ஏ. ஜயவர்த்தனபுர கிடைக்குமோ கிடைக்காதோ என்ற எல்லையில் நிற்கிறேன். அதை முதலாவதாகப் போட்டுக் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணமும் கைவிட்டுப் போகும் என்று ரியூசனில் சொல்கிறார்கள். சீஏ (பட்டயக் கணக்காளர் தகுதி) செய்வதுதான் என் ஆசை. (கோப்பாய் மாணவர்)

தம்பி, முதலில் அந்தப் பயத்தை விடும். அனுமதி வழங்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உமது விருப்ப ஒழுங்கை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலாவதற்கு உமது இசட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) காணாது என்றால் இரண்டாவதற்குப் போகும். யாழ்ப்பாணத்தின் வெட்டுப்புள்ளியை நீர் தாண்டியிருந்தால், அதை இரண்டாவதாகப் போட்டதற்காக ஒருவரும் உம்மைத் தள்ளிவைக்கப் போவதில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கம். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். ஆகவே கிடைக்குமோ என்று கணக்குப் பார்த்து எழுதாமல், கிடைத்தால் போவேனா என்று கேட்டு எழுதும். போகமாட்டீர் என்றால் அதை மேலே போடாதேயும்.

இனி சீஏ. அதற்குப் பரீட்சை மட்டும் காணாது, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் மூன்று வருடச் செயன்முறைப் பயிற்சியும் வேண்டும். பெரிய கணக்காய்வு நிறுவனங்கள் கொழும்பில்தான் இருக்கின்றன. ஜயவர்த்தனபுரவின் கணக்கீட்டுத் துறைக்கு இவ்வளவு பெயர் வந்ததற்கு ஒரு காரணம், அங்குள்ள பிள்ளைகளில் பலர் பட்டத்தோடு சேர்த்துச் சீஏயும் செய்வதுதான். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நுகேகொடையில் இருந்து பயிற்சிக்குப் பஸ்ஸில் போய்வரலாம். யாழ்ப்பாணத்திலும் கணக்காய்வு நிறுவனங்கள் உண்டு, ஆனால் இடங்கள் குறைவு. இங்கே படிப்பவர் பயிற்சிக்கென்று எப்படியும் ஒருநாள் கொழும்புக்கு ரயில் ஏற வேண்டி வரலாம்.

அதற்காக அங்கே போனவுடன் கணக்கீடு கையில் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஜயவர்த்தனபுரவில் எந்தத் துறை என்பது முதலாம் வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் முடிவாகும். கணக்கீட்டுக்குப் போட்டி கடுமை. வீட்டை விட்டு 400 கிலோமீற்றர் தள்ளி, விரிவுரை ஆங்கிலத்திலும் விடுதிக் கதை சிங்களத்திலுமாகப் போகும் அந்த முதல் வருடத்தில்தான் நீர் நல்ல புள்ளி எடுக்க வேண்டும். எடுப்பேன் என்ற துணிவு இருக்கிறதா? இருந்தால் உமது நிலையில் நான் ஜயவர்த்தனபுரவை முதலாவதாகவும் யாழ்ப்பாணத்தை இரண்டாவதாகவும் போடுவேன். சீஏ ஆசை இல்லாமல், வங்கியோ சொந்த வியாபாரமோ என்று எழுதியிருந்தீர் என்றால் இதே பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன்.

வீடு கிளிநொச்சி. ஆனால் நான் படிச்சது யாழ்ப்பாணத்தில. எந்த மாவட்டத்தில என்னைச் சேர்ப்பினம்?

பாடசாலை மாணவராகத் தோற்றியிருந்தால் வீடு எங்கே என்று பார்ப்பதில்லை, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர் என்றுதான் பார்ப்பார்கள். முழுவதும் இங்கே என்றால் நீர் யாழ்ப்பாண மாவட்டம். கிளிநொச்சி பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது, யாழ்ப்பாணம் இல்லை. அதனால் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீட்டை நம்பி ஒழுங்கு போடாதேயும்.

மகளுக்கு யாழ்ப்பாணம் தவறி வவுனியாதான் கிடைக்கும் போல இருக்கிறது. அது கம்பஸ்தானே, பட்டம் குறைந்ததா? (சாவகச்சேரியில் இருந்து ஒரு தகப்பன்)

ஐயா, இப்போது அது கம்பஸ் இல்லை. யாழ். பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம். தானே பட்டம் கொடுக்கும் அரச பல்கலைக்கழகம். அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எந்தக் குறையும் வராது. பம்பைமடுவில் உள்ள வியாபாரக் கற்கைகள் பீடத்தில் செயற்றிட்ட முகாமைத்துவத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அபிவிருத்தி நிறுவனங்களிலும் கட்டுமானத் துறையிலும் வேலை தேட நினைக்கும் பிள்ளைக்கு அது நல்ல வழி.

இன்னொன்றையும் சொல்ல விடுங்கள். உங்கள் கடிதத்தில் மகளுக்கு என்ன விருப்பம் என்று ஒரு வரிகூட இல்லை. இன்று இரவு சாப்பிட்டு முடிய அந்தப் பிள்ளையைக் கேளுங்கள்.

எங்கட வீட்டில ஒருவரும் ஆங்கிலம் கதைக்கிறதில்லை. யாழ்ப்பாணம் என்றால் தமிழில படிப்பிப்பினம்தானே? அதுக்காகவே அதை முதலாவதாகப் போட நினைக்கிறன். (பருத்தித்துறை மாணவி)

பிள்ளை, அந்தக் காரணத்துக்காகப் போட வேண்டாம். யாழ். பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியிலும் வியாபார நிர்வாகமாணிப் பட்டத்துக்கு ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். தமிழில் விளங்கப்படுத்தக்கூடிய சகமாணவர்கள் பக்கத்தில் இருப்பார்கள், அது பெரிய உதவிதான். ஆனால் பரீட்சைத் தாளில் அந்த உதவி வராது.

பயப்படவும் வேண்டாம். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, பரீட்சை முடிந்த கையோடு நாற்பது தாள் கொப்பி ஒன்றை எடுத்து நடுவில் அடிமட்டத்தால் கோடு போட்டாள். இடப்பக்கம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடான சொற்கள்: பரீட்சை மீதி, பெறுமானத்தேய்வு, அட்டுறு செலவு, கடன்பட்டோர். வலப்பக்கம் ட்ரயல் பலன்ஸ், டிப்ரிசியேஷன், அக்ரூட் எக்ஸ்பென்ஸஸ், டெப்டர்ஸ். ஒரு நாளைக்குப் பத்துச் சொல். பின்பு தான் உயர்தரத்துக்குச் செய்த பழைய கணக்குகளையே ஆங்கிலத் தலைப்புகளோடு திரும்பச் செய்தாள். கணக்கு ஏற்கெனவே தெரியும், மாறுவது பெயர் மட்டும். முதலாம் வருட விரிவுரையில் அவள் தடுமாறியது கணக்கீட்டில் இல்லை, முகாமைத்துவக் கட்டுரைகளில். அதற்குத் தினம் ஒரு ஆங்கிலப் பத்திரிகைச் செய்தியைச் சத்தமாக வாசித்துப் பழகினாள். உமக்குப் பல்கலைக்கழகம் தொடங்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கொப்பியை இன்றைக்கே வாங்கும்.

மகனைக் கொழும்பில் விட்டுப் படிப்பிக்க எங்களால் ஏலுமா? அவர் மீன்பிடித் தொழில். (ஒரு தாய்)

அம்மா, அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. செலவு இருப்பிடமும் சாப்பாடும் போக்குவரத்தும்தான். மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயாக இருந்து 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கப்பட்டது. மற்றைய உதவிப்பணம் 4,000 இலிருந்து 6,500 ஆகியது. குடும்ப வருமானம் குறைவு என்பதால் தவறாமல் விண்ணப்பியுங்கள். ஆனால் அந்தக் காசை மட்டும் நம்பிக் கொழும்பில் இருக்க முடியாது. முதல் தவணை கைக்கு வரவும் மாதங்கள் எடுக்கும், அதுவரைக்குக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். விடுதி எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிடைக்காத வருடங்களில் போர்டிங் காசுதான் குடும்பத்தை நெருக்கும். யாழ்ப்பாணத்தில் கிடைத்தால் மகன் வீட்டுச் சாப்பாட்டோடு பஸ்ஸில் போய்வருவான். அந்த மிச்சத்தில் ஒரு தொழில்முறைப் பாடநெறிக்கே காசு கட்டலாம். கடன்பட்டு அனுப்ப வேண்டிய நிலை என்றால் யாழ்ப்பாணத்தையே முன்னுக்குப் போடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இசட் காணாது. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் வெளிநாட்டுப் பட்டம் தருகிறது. காசு கட்டிச் சேரலாமா? (நல்லூர்)

முதலில் பட்டத்தை யார் தருகிறார்கள் என்று கேளும். உள்ளூர் நிறுவனமே தருவதென்றால் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று நீரே எழுதிக் கேளும், நிறுவனத்தின் கையேட்டை நம்ப வேண்டாம். அடுத்தது, கட்டணத்தில் எவ்வளவு பவுணிலோ டொலரிலோ என்று பாரும். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்று அறுபதுவரை போனபோது, பாதியில் நின்ற பிள்ளைகளின் பெற்றோர் என் முன்னால் இருந்து அழுதிருக்கிறார்கள்.

சேர்வதற்கு முன் உள்ளூரில் இரண்டு இடத்தைப் பாரும். குருநகரில் உள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. கொக்குவில் பிறவுண் வீதியில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது. அதன் முகாமைத்துவப் பட்டத்தை வேலை செய்துகொண்டே படிக்கலாம், பாடத்துக்குப் பாடம் காசு கட்டலாம். நல்லூரில் இருந்து சைக்கிளில் போகும் தூரம்தானே. பெறுபேற்றுத் தாளோடு ஒருநாள் காலை போய் அனுமதி விபரத்தைக் கேட்டுவிட்டு எனக்கு மீண்டும் எழுதும்.