அமெரிக்க எரிவாயு ஏற்றுமதி கூடினால் மணலியில் என்ன மாறும்?

அமெரிக்கா திரவ இயற்கை எரிவாயுவை மேலும் ஏற்றுமதி செய்தால் வடசென்னையின் எண்ணூர், மணலி பகுதிகளுக்கு என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தால் அதன் கன அளவு சுமார் 600-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால், குழாய் எட்டாத நாட்டுக்கும் அதைக் கப்பலில் அனுப்ப முடிகிறது; அதனால் ஓரிடத்துத் தட்டுப்பாடு எல்லா இடத்து விலையையும் அசைக்கிறது. 2022-இல் ரஷ்யக் குழாய்வழி வரத்து குறைந்தபோது ஐரோப்பா அதிக விலை கொடுத்துக் கப்பல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, பாகிஸ்தானும் வங்கதேசமும் மின்வெட்டில் தவித்தன.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-இல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுள்ள திரவ எரிவாயு இறக்குமதி முனையம் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் மணலி உர ஆலை, கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நாப்தா என்ற திரவத்தை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. அந்த ஆலை தயாரிக்கும் யூரியா உரத்தின் விற்பனை விலையை அரசே நிர்ணயிப்பதால், எரிவாயு விலை ஏறினால் அந்தச் சுமை பெரும்பாலும் மானியத்தின் மீதே விழுகிறது.

ஏற்றுமதி பெருகினால் நம்மைப் போல் வாங்குவோருக்குப் பேரம் பேச இடம் கிடைக்கும். ஏற்றுமதி செய்யும் நாட்டிலோ உள்நாட்டு விலை ஏறக்கூடும். புகையில் வாழ்ந்து பழகிய எண்ணூர், மணலி மக்களுக்கு நாப்தாவைவிடத் தூய்மையாக எரியும் இந்த எரிபொருள் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது மிக முக்கியம் என்று கருதுகிறேன்.